ஒட்டு வீணையும் உடைந்த கிதாரும்

தமிழில் ‘ஒட்டு’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி விந்தையானது. மாமரத்தில் ஒட்டு என்றால் மதிப்பு. ஒட்டுமாங்கனிக்குச் சந்தையில் தனி விலை உண்டு. துணியில் ஒட்டு என்றால் வறுமை. வீணையில் ஒட்டு என்றால் இரண்டாந்தரம். ஆனி மாதந்தோறும் மாங்கனித் திருவிழா காணும் காரைக்காலில் வாழ்ந்துகொண்டு இந்த வேறுபாட்டை நினைக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. கனியில் நாம் விரும்பி ஏற்கும் இணைப்பை, கருவியில் ஏன் குறையாகக் கருதுகிறோம்?

இக்கட்டுரையின் பொருள், தலை முறிந்த கிதார். இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் கிதாருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்து வாசித்தால், புறநானூற்றுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருப்பது புலப்படும்.

கிதார் நம் ஊருக்கு அன்னியமான கருவி அன்று. தேவாலயப் பாடகர் குழுவில், கல்லூரி ஆண்டுவிழா மேடையில், கடற்கரையில் மாலைநேரம் கூடும் இளைஞர் கையில் அதைக் காண்கிறோம். வயலினை நம் இசை ஈர்த்துக்கொண்டு இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. கிதாரை அது இப்போது மெல்ல ஈர்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கருவியை வாங்கும் பழக்கம் வந்த வேகத்தில் அதைச் செப்பனிடும் பழக்கம் வரவில்லை. நாற்காலியில் சாய்த்து வைத்த கிதார் வழுக்கி விழுகிறது. தலைப்பகுதி கழுத்திலிருந்து பிளந்து, தந்திகளின் பிடியில் மட்டும் தொங்குகிறது. உடனே வீட்டார் சொல்வது, ‘போச்சு, வேற வாங்கிக்கலாம்’ என்பதுதான்.

அது ஏன் அந்த இடத்தில் உடைகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கிதாரின் தலை பெரும்பாலும் கழுத்தின் நேர்கோட்டில் இராது. பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். கழுத்தும் தலையும் சந்திக்கும் இடத்தில் உள்ள சிறு எலும்புப் பட்டையின்மேல் தந்திகள் அழுந்தி நிற்பதற்காகவே இந்தச் சாய்வு. கழுத்தையும் தலையையும் ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுத்தால் ஒரு சிக்கல் தோன்றுகிறது. மரத்தின் இழைகள் கழுத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன; தலை சாயும் இடத்திலோ அவ்விழைகள் பாதியில் வெட்டுப்பட்டுக் குறுகிய துண்டுகளாக நிற்கின்றன. விறகு பிளப்பவர் அறிந்த உண்மை இது: இழை வழியே பிளப்பது எளிது, இழைக்குக் குறுக்கே வெட்டத்தான் கோடரிக்கு வேலை. கிதாரின் தலையடியில் மரம் தானாகவே பிளப்பதற்கு வழிவிட்டு நிற்கிறது. கழுத்தை நேராக வைத்திருக்க உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகுவதற்கான குழியையும் பல கருவிகளில் இதே இடத்தில்தான் குடைகிறார்கள். போதாக்குறைக்கு ஆறு முறுக்காணிகளின் பாரம் தலையில் இருக்கிறது. எஃகுத் தந்தி பூட்டிய கிதாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு ஈடான விசையால் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கருவி மல்லாந்து விழுந்தால் உடல் தரையில் நின்றுவிடும்; தலை நிற்காது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் கிதார்கூட இவ்வாறு முறிவதுண்டு.

இந்த முறிவுக்கு உலகப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1952-இல் அறிமுகப்படுத்திய லெஸ் பால் கிதார். ஒரே மஹோகனிப் பலகையில் கழுத்தும் தலையும். 17 பாகைச் சாய்வு. தலை உடைந்து ஒட்டப்பட்ட லெஸ் பால்கள் எத்தனையோ இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன. 1970களில் அந்நிறுவனம் கழுத்தின் பின்புறம் சிறு புடைப்பு ஒன்றை விட்டு வலுவூட்டிப் பார்த்தது. 1980களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலையோ பின்னோக்கிச் சாய்வதில்லை. ஆகவே அது இவ்வாறு முறிவதும் அரிது.

இங்குதான் வியப்பான செய்தி வருகிறது. மலிவு விலைக் கிதார்கள் பலவற்றில் தலையைத் தனியே, சாய்வாக அறுத்துக் கழுத்துடன் ஒட்டுகிறார்கள். சிறிய பலகை போதும் என்ற சிக்கனமே இதற்கு ஒரு காரணம். ஆனால் அப்படி ஒட்டும்போது தலையிலும் இழைகள் தலையின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. அதனால் ஒட்டிய தலை, ஒரே மரத்தலையைவிட எளிதில் முறிவதில்லை. சிக்கனத்துக்காகச் செய்த ஒட்டு, வலிமைக்கும் வழியாகிவிட்டது. விலையுயர்ந்த முழுமை முறிகிறது. மலிவான இணைப்பு தாங்குகிறது.

நம் வீணைக்கு வருவோம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் இருவகை உண்டு. குடமும் தண்டியும் தலைப்பக்கமும் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுக்கப்படுவது ஏகாந்த வீணை. மூன்றையும் தனித்தனியே செய்து சேர்ப்பது ஒட்டு வீணை. முன்னதற்கே மதிப்பும் விலையும். இடையூறில்லாத ஒரே மரத்தில் நாதம் தடையின்றி ஓடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தேர்ந்த செவிகளுக்கு அந்த நயம் கேட்கிறதெனில், அதை மறுக்க நாம் வரவில்லை. ஆனால் ஒரே மரம் என்பதற்கு நாம் தரும் மதிப்பு செவியால் மட்டும் வந்ததா என்ற ஐயம் நமக்கு உண்டு. பிளவுபடாதது தூயது, இணைக்கப்பட்டது குறையுடையது என்ற மனப்பழக்கம் அதற்குப் பின்னால் நிற்கிறது. உடைந்த படிமத்தைப் ‘பின்னம்’ என்று ஒதுக்குகிறோம். அதே மரபு ஜீரணோத்தாரணம் என்ற பெயரில் பழுதுபார்ப்பதற்கும் விரிவான விதிகள் வகுத்து வைத்திருப்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

இனி, உடைந்த தலையை ஒட்டும் முறை. இதை அறிந்துகொள்வதற்குத் தச்சராக இருக்கத் தேவையில்லை. அறியாமையால் கருவியை மேலும் கெடுக்காமல் இருப்பதற்காகவேனும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கலாம்.

முதற்காரியம், தந்திகளைத் தளர்த்துவது. தலை முழுதும் பிரியாமல் விரிசலாக மட்டும் இருந்தால், தந்தியின் இழுப்பே அதை மேலும் பிளக்கும். அடுத்து, சிதறிய சிராய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஓர் உறையில் இட்டுவைக்க வேண்டும். உடைந்த இரு முகங்களையும் பொருந்துகிறதா என்று மீண்டும் மீண்டும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் நுண்ணிய நார்கள் மடிந்து பொருத்தம் குறைகிறது. கடையில் கிடைக்கும் உடனடிப் பசையைப் பதற்றத்தில் ஊற்றுவதே பெருந்தீங்கு. பசை ஊறிக் காய்ந்த மரத்தில் பிறகு எந்த நல்ல பசையும் சரியாகப் பிடிக்காது. மரத்தூளையும் பசையையும் குழைத்து விரிசலில் அடைப்பதும் அவ்வாறே. அந்தக் கலவை இடைவெளியை மறைக்கும்; பாரத்தைத் தாங்காது.

நல்ல ஒட்டுக்கு வேண்டியவை மூன்று: தூய்மையான புதுமுகங்கள், உரிய பசை, சீரான அழுத்தம். நம் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளை மரப்பசையே இதற்குப் பெரும்பாலும் போதும். முறிவு நீளமாகவும் சாய்வாகவும் இருந்து முகங்கள் கச்சிதமாகப் பொருந்தினால், அந்தப் பசை மரத்தைவிட வலுவான பிடியைத் தரும். பின்னொரு நாள் அதே கருவி மீண்டும் விழுந்தால் ஒட்டிய இடத்தை விட்டுப் பக்கத்து மரம் பிளப்பதை வினைஞர்கள் கண்டிருக்கிறார்கள். முன்னோர் பயன்படுத்திய விலங்குத் தோல் பசையாகிய வச்சிரத்தை நீரில் ஊறவைத்து, ஏறத்தாழ 60 பாகை சூட்டில் உருக்கித் தடவுவார்கள். அதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வெப்பமும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும்; அடுத்த தலைமுறைத் தச்சர் பிரித்து மறுபடி ஒட்ட முடியும். பசையைத் தடவியதும் தலையின் வடிவுக்கேற்ற மரக்கட்டைகளை அணைகொடுத்து, இடையில் மெழுகுத்தாள் வைத்து, கிளாம்ப் பூட்டி, ஒரு முழுநாளேனும் அசையாது விடவேண்டும். உள்ளிருக்கும் இரும்புக் கம்பியில் பசை இறங்காமல் காப்பது முக்கியம். தந்தி பூட்டுவதற்கு மேலும் சில நாட்கள் பொறுத்தால் நல்லது. ஒட்டும் பரப்பு சிறிதாக இருந்தால் பள்ளம் வெட்டி, புதிய மரப்பட்டைகளை நீளவாக்கில் பதித்து வலுவூட்டுவார்கள். நம்மைப் போன்ற கடலோர மக்களுக்கு இன்னுமொரு எச்சரிக்கை: வெள்ளைப்பசை கடும் வெப்பத்தில் இளகக் கூடியது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் எந்தக் கிதாரையும், குறிப்பாக ஒட்டிய கிதாரை, விட்டுவைக்கலாகாது.

ஈராண்டுக்கு முன், கடலோரச் சிற்றூரிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவரின் கிதார் இப்படித்தான் முறிந்தது. கருவிகள் விற்கும் கடையொன்றில் காட்டினார். ‘இதெல்லாம் ஒட்டினா நிக்காது, புதுசு வாங்கிக்குங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மரச்சாமான்கள் செய்யும் முதியவர் ஒருவரிடம் பிறகு அழைத்துச் சென்றோம். கிதாரை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. முறிந்த முகத்தை விரலால் தொடாமல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘சிராயெல்லாம் எடுத்து வச்சிருக்கியா தம்பி?’ என்றுதான் முதலில் கேட்டார். மாணவர் வைத்திருந்தார். ஒரு வாரம் கழித்துக் கருவி திரும்பியது. கூலி புதுக் கிதாரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பின்புறத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது, சுருதி நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். இழைக்குக் குறுக்கே மொட்டையாக முறிந்தது ஒட்டுக்கு அடங்காது. மரமே உளுத்திருந்தால் பசை என்ன செய்யும்? சில மலிவுக் கருவிகளில் செப்பனிடும் கூலி கருவியின் விலையைத் தாண்டிவிடும். பழைய கிப்சன் கிதார்களைச் சேகரிப்போர், தலை ஒட்டப்பட்டதற்கு ஏறக்குறைய பாதி விலைதான் தருவார்கள் என்பதும் உண்மை. ஆனால் அது சேகரிப்போரின் கணக்கு. வாசிப்பவனுக்கு அதே காரணத்தால் ஒரு நல்ல கருவி பாதி விலைக்குக் கிடைக்கிறது.

ஒட்டிய கருவி தாழ்ந்தது என்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். உலகின் மிக விலையுயர்ந்த வயலின்களுள் பல இத்தாலியின் அந்தோனியோ ஸ்திராதிவாரி செய்தவை. அவர் 1737-இல் மறைந்தார். பின்வந்த காலத்தில் இசையரங்குகள் பெரிதாயின, சுருதி உயர்ந்தது, நீண்ட, சாய்ந்த கழுத்து தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருடைய வயலின்களில் பெரும்பாலானவற்றின் கழுத்தை அறுத்தெடுத்துப் புதுக் கழுத்துப் பொருத்தி, அதன் முனையில் அவர் செதுக்கிய சுருள்தலையையே மீண்டும் ஒட்டினார்கள். இன்று அரங்குகளில் நாம் வியந்து கேட்கும் ஸ்திராதிவாரிகள் பெரும்பாலும் தலை அறுத்து ஒட்டப்பட்டவையே. அதனால் அவற்றின் விலை குறையவில்லை. அந்த ஒட்டு இல்லாவிட்டால் அவை வாசிக்கப்படாமல் கண்ணாடிப் பேழைகளுக்குள் உறங்கியிருக்கும்.

இனிப் புறநானூறு. 1894-இல் உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தபோது, அவர் கையில் இருந்தது முழுமையான நூல் அன்று. ஏடுகள் முறிந்தும் செல்லரித்தும் கிடந்தன. பொருந்தும் துண்டுகளைப் பல ஊர்ச் சுவடிகளிலிருந்து தேடி இணைத்தார். கிடைக்காத இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டார். 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. எண்கள் மட்டும் நிற்கின்றன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பரிபாடலில் எழுபதில் இருபத்திரண்டே முழுமையாக நமக்கு வாய்த்தன. இவற்றைப் ‘பின்னம்’ என்று எவரும் ஆற்றில் விடவில்லை. நம் பெருமைக்குரிய செவ்வியல் இலக்கியம் முழுவதும், இந்த நோக்கில் பார்த்தால், ஒட்டு வீணையே. ஐயர் செய்த வேலைக்கும் அந்தத் தச்சர் செய்ததற்கும் உள்ள ஒழுக்கம் ஒன்றுதான்: சிராயைத் தொலைக்காதே; பொருந்தாததைப் பொருத்தாதே; இல்லாததை மரத்தூளால் அடைக்காதே; இணைத்த தடம் தெரிந்தால் வெட்கப்படாதே. மரத்தூள் அடைத்த பதிப்புகளும் தமிழில் உண்டு. அவை பார்வைக்கு முழுமையாக இருக்கின்றன. ஆய்வின் பாரத்தை வைத்தால் பிளந்துவிடுகின்றன.

பதிப்பாசிரியரைப் போற்றும் நாம், கருவியைச் செப்பனிடுபவரைப் போற்றுகிறோமா? இங்கே நாம் சங்கடத்துக்குரிய ஓர் உண்மையை நேர்கொள்ள வேண்டும். மிருதங்கம் தொடர்ந்து செப்பனிடப்படும் கருவி. தோல் தேயும், கரணை உதிரும், வார் தளரும். மூட்டுபவர் கைபடாத மிருதங்கம் மேடையேற முடியாது. ஆயினும் அக்கலைஞர்களின் பெயர்களை அரங்கில் எவரும் சொன்னதில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள் என்பதையும் அவர்கள் பட்ட இழிவையும், டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. செப்பனிடுதல் தாழ்ந்த வேலை என்ற எண்ணம் மரத்திலிருந்தோ தோலிலிருந்தோ பிறந்ததன்று. வேலை செய்யும் கை யாருடையது என்ற கணக்கிலிருந்து பிறந்தது. ‘வேற வாங்கிக்கலாம்’ என்ற புதுக்கால அலட்சியம் அந்தப் பழைய கணக்கின்மேல் வசதியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் நிறுவனங்களும் இதையே காட்டுகின்றன. தஞ்சாவூர் வீணையை அடுத்து, 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. அது புதிதாகச் செய்வதற்குக் கிடைத்த ஏற்பு. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள் உள்ளன. செப்பனிடுதல் அந்த ஏழில் இல்லை. மூன்றாண்டு வயலின் கற்று வெளிவரும் மாணவருக்குப் பெயர்ந்த குதிரையை நிறுத்தவோ விரிசலை அடையாளம் காணவோ முறையான பயிற்சி கிடையாது. தொழிற்பயிற்சி நிலையங்களிலோ தச்சு உண்டு, இசைக்கருவி இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசையைப் போட எவருக்கும் தோன்றவில்லை.

காரைக்காலில் அந்த மேசையைப் போடலாம் என்பது நம் எண்ணம். இந்த ஊரே ஓர் ஒட்டு. 1739 முதல் பிரெஞ்சியர் வசம் இருந்து, 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவிடம் வந்து, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தது. சுற்றிலும் தமிழ்நாடு, ஆட்சித் தலைமையோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். அந்த ஒன்றியப் பகுதியின் மற்ற துண்டுகள் கேரளத்து மாஹேயும் ஆந்திரத்து ஏனாமும். நிலத்தொடர்ச்சி இல்லாத நான்கு துண்டுகளை இணைத்து வாழும் நாம் ஒட்டைக் கண்டு முகம் சுளிப்பது பொருந்தாது.

இவ்வூர் தந்த பெரும்புலவர் காரைக்காலம்மையார். அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற பின்னரே அவர் பாடத் தொடங்கினார் என்று பெரியபுராணம் கூறும். அவருடைய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களும், வீணை, மத்தளம், குடமுழா முதலிய கருவிகளின் பெயர்களும் நிரலாக வருகின்றன. வடிவு குலைந்தால் இசை குலையும் என்று எண்ணுவோர் அந்தப் பதிகத்தை ஒருமுறை எடுத்து வாசிக்கட்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. டெல்டா மாவட்டங்களின் இசைப்பள்ளிகளும் புதுச்சேரியின் பாரதியார் பல்கலைக்கூடமும் ஆண்டுக்கு ஒரு பருவமேனும் செப்பனிடும் பயிற்சி நடத்தலாம். வீணைத் தச்சரையும் மிருதங்கம் மூட்டுபவரையும் மரச்சாமான் தச்சரையும் ஊதியம் தந்து ஆசிரியர்களாக அழைக்கலாம். அவர்கள் பெயரை அழைப்பிதழில் அச்சிடலாம். கல்லூரிகள் ஆண்டுவிழாவுக்குப் புதுக்கருவி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, கிடங்கில் கிடக்கும் பழையவற்றைச் சீர்செய்ய ஒதுக்கலாம். அதுவரை, இதை வாசிக்கும் அன்பர்கள் வீட்டில் தலை முறிந்த கிதாரோ தண்டி விரிந்த வீணையோ பரண்மேல் கிடந்தால், அதைக் குப்பைக்கு அனுப்புமுன் பக்கத்துத் தெருத் தச்சர் ஒருவரிடம் காட்டிப் பார்க்கவும். சிராய்களையும் மறவாமல் எடுத்துச் செல்லவும்.